புது கார் திரும்பத் திரும்ப ரிப்பேர்: கன்ஸ்யூமர் கோர்ட் வழி எப்படி இருக்கு? என் ரிவ்யூ

முதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன். அஞ்சுக்கு மூணரை. சட்டத்துக்கு மட்டும்னா நாலரை குடுப்பேன், அது நடக்கிற வேகத்துக்கு ரெண்டுக்கு மேல மனசு வரல. புது கார் எடுத்து, அது வீட்டுல நிக்கிறதை விட சர்வீஸ் சென்டர்ல நிக்கிற நாள்தான் அதிகம்னு நொந்துபோய் இருக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். கம்பெனி பேரு, டீலர் பேரு, எந்த ஊர் கோர்ட்டுங்கிறது எதுவும் எழுதல. வண்டியை விட இந்த வழியைப் பத்தித்தான் பேசணும்.

எங்க வண்டி 11 லட்ச ரூபா ஆட்டோமேட்டிக். மெதுவா போற டிராஃபிக்லயும் ஏத்தத்துலயும் திடீர்னு கியர் பிடிக்காம அப்படியே நின்னுரும், ஆக்சிலேட்டர மிதிச்சா இன்ஜின் மட்டும் உறுமும், வண்டி நகராது. ஒரு தடவை திம்பம் மலைல கொண்டை ஊசி வளைவுல நின்னுச்சு, பின்னாடி கரும்பு லோடு லாரி, உள்ள அம்மாவும் குழந்தையும். ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு ஆன் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும். சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட்டா எரர் கோடு எதுவும் காட்டாது, சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம் சார்னு சொல்லி சாவியைக் குடுத்துருவாங்க, அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

இந்த மாதிரி காருக்குன்னே அமெரிக்காவுல லெமன் சட்டம் இருக்கு, சிங்கப்பூர்லயும் 2012 செப்டம்பர்ல இருந்து இருக்கு. சிங்கப்பூர்ல டெலிவரி எடுத்த 6 மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா, அது டெலிவரி அன்னைக்கே இருந்த குறைன்னு சட்டமே எடுத்துக்கும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது விக்கிறவர் பொறுப்பு. நம்ம நாட்டுல அப்படி காருக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. நமக்கு இருக்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. இது 2020 ஜூலை 20-ல இருந்து அமல்ல இருக்கு, காருக்கும் இதுதான், மிக்ஸிக்கும் இதுதான். குறை இருக்குன்னு நிரூபிக்க வேண்டிய பாரம் பெரும்பாலும் வாங்கின நம்ம தலையில. அதனாலதான் இந்த கேஸ் கோர்ட்டுல ஆரம்பிக்கிறதில்ல, சர்வீஸ் சென்டர் கவுண்டர்ல ஜாப் கார்டு, அதாவது நம்ம புகாரை ஏத்தற தாள், எழுதறப்பவே ஆரம்பிச்சிருது.

இதை கொஞ்சம் விளக்கமா சொல்லணும். நாம போய் "கியர் விழல, வண்டி நடுரோட்ல நிக்குது"ன்னு சொல்வோம். சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டர்ல "ஜெனரல் செக்கப்"னு ஒரு வரி தட்டுவாரு. பின்னாடி கோர்ட்டுல கம்பெனி வக்கீல் அந்தப் பேப்பரை எடுத்து நீட்டி, இவர் கியர்பாக்ஸ் பத்தி கம்ப்ளெய்ன்ட்டே பண்ணலைன்னு சொன்னா நம்ம கிட்ட பதில் இருக்காது. எங்க வீட்டுக்காரர் பேங்க்ல வேலை பாக்கிறவரு, பேப்பர்ல சொன்னது சொன்னபடி ஏறாம கையெழுத்தே போட மாட்டாரு. அட்வைசர் மறுத்தா கார்டுலயே பேனாவால தமிழ்ல எழுதி, கிலோமீட்டர் ரீடிங்கும் போட்டு, அதுக்குக் கீழதான் கையெழுத்து. வண்டியைத் திருப்பி எடுக்கிறப்ப திருப்தின்னு ஒரு தாள் நீட்டுவாங்க, அதுலயும் "இன்னும் ஓட்டிப் பாக்கல, குறை சரியாச்சான்னு தெரியாது"ன்னு எழுதிட்டுத்தான் குடுத்தாரு. பிக்கப் டிராப் வசதியை தயவுசெஞ்சு எடுக்காதீங்க, வீட்டுல இருந்து டிரைவர் வந்து வண்டியை எடுத்துட்டுப் போனா ஜாப் கார்டுல என்ன ஏறுதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. வண்டி நின்னா முதல்ல ஓரங்கட்டி எல்லாரும் பத்திரமா இறங்கணும், அப்புறம் பக்கத்துல இருக்கிறவங்க யாராவது மீட்டர் ரீடிங் தெரியற மாதிரி வீடியோ எடுக்கணும். அதை அன்னைக்கே கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில்ல அனுப்பிருங்க. போன்ல பேசறது எதுவும் கணக்குல வராது.

அடுத்து 1915. தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயும் பேசலாம். புகாரைப் பதிவு பண்ணி கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கித் தருவாங்க, ஆனா உத்தரவு போடற அதிகாரம் அவங்களுக்கு இல்ல, இது கேஸுக்கு முன்னாடி பேசித் தீர்க்கப் பாக்கிற ஒரு படி. சின்ன விஷயம்னா இதுலயே முடிஞ்சிரும். எங்களுக்கு முடியல, ஆனா கம்பெனி எழுத்துல குடுத்த பதில் பின்னாடி நல்ல ஆதாரமா ஆச்சு. அதோட உங்க சேஸிஸ் நம்பரைப் போட்டு அந்த மாடலுக்கு ரீகால் (குறை இருக்கிற வண்டிகளை கம்பெனியே திருப்பிக் கூப்பிட்டு சரி பண்றது) எதுவும் இருக்கான்னு கம்பெனி வெப்சைட்ல ஒரு தடவை பாத்துக்கோங்க. உங்க குறைதான் ரீகால்ல இருக்குன்னா பாதி கேஸ் அங்கேயே முடிஞ்ச மாதிரி.

இப்ப கோர்ட்டு. சரியான பேரு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வண்டிக்கு நாம குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும்னா இங்கதான், 2 கோடி வரைக்கும் மாநில ஆணையம், அதுக்கு மேல டெல்லில இருக்கிற தேசிய ஆணையம். ஷோரூம் எந்த ஊர்ல இருந்தாலும் நாம குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம், இது 2019 சட்டத்துல வந்த ரொம்ப நல்ல மாற்றம். ஃபீஸைக் கேட்டா நம்ப மாட்டீங்க. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது, 10 லட்சம் வரைக்கும் 200 ரூபா, 20 லட்சம் வரைக்கும் 400 ரூபா. இதே காசுக்கு சிவில் கோர்ட்டுக்குப் போனா நம்ம தமிழ்நாட்டுல 3 சதவீதம் கட்டணும், எங்க வண்டிக்கு 33 ஆயிரம் வந்திருக்கும். வக்கீல் கட்டாயமில்ல, நாமளே வாதாடலாம், ஆன்லைன்லயும் ஃபைல் பண்ணலாம். ஆனா கார் கேஸுக்கு வக்கீல் வச்சுக்கறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன், ஏன்னா எதிர்ல கம்பெனி இதுக்குன்னே பழகின வக்கீலை அனுப்பும்.

கேஸ் போடறப்ப டீலரையும் கம்பெனியையும் சேர்த்தே போடணும். ஒருத்தரை விட்டா இருக்கிறவரு இல்லாதவரைக் கைகாட்டுவாரு. ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும், தாமதமானா காரணம் சொல்லி மனு குடுக்கணும், அதை ஏத்துக்கறதும் விடறதும் ஆணையத்தோட இஷ்டம். சர்வீஸ் சென்டர்காரங்க பார்ட்டு வருது பார்ட்டு வருதுன்னு சொல்லிட்டே இருக்கிறப்ப இந்த ரெண்டு வருஷம் சத்தமில்லாம ஓடிரும். வண்டி டி-போர்டா, வியாபாரத்துக்கு வாங்கினதுன்னா நுகர்வோரே இல்லைன்னு தள்ளிருவாங்க, ஆனா சொந்தமா ஓட்டிப் பிழைக்கிறதுக்காக வாங்கின டாக்ஸிக்கு அந்தத் தடை கிடையாது. கடுப்புல லோன் ஈஎம்ஐ கட்டறதை மட்டும் நிறுத்திராதீங்க, பேங்குக்கும் வண்டிக் குறைக்கும் சம்பந்தமில்ல, சிபில் ஸ்கோர் போனா அதுக்கு யாரும் நஷ்டஈடு தர மாட்டாங்க.

குறை தயாரிப்புலயே இருக்காங்கிறதைப் பாக்க ஆணையம் நிபுணர் அறிக்கை கேக்கும். இதை நாமளே மனுப் போட்டுக் கேட்டு வாங்கணும், செலவையும் முதல்ல நாமதான் கட்டணும். எங்களுக்கு ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஆட்டோமொபைல் துறை பேராசிரியர் வந்தாரு. முன் சீட்ல அவரு, பின்னாடி கம்பெனி ஆளு ஒருத்தரு, ஓட்டினது எங்க வீட்டுக்காரரு. ஏசி போட்டு, கூட்டமான ரோட்ல ஒரு மணி நேரத்துக்கு மேல சும்மா நகர்ந்துக்கிட்டே இருக்கச் சொன்னாரு. சூடானப்புறம் மேம்பாலத்து ஏத்தத்துல வண்டி நின்னுச்சு, அப்பவே லேப்டாப்பை மாட்டி கிளட்ச் எவ்வளவு சூடுன்னு காட்டற நம்பரை போட்டோ எடுத்தாரு. சர்வீஸ் சென்டர்ல குளிர்ந்த வண்டிக்கு ஸ்கேனர் போட்டு ஒண்ணுமில்லைன்னு சொன்னதுக்கெல்லாம் அந்த ஒரு போட்டோதான் பதிலா ஆச்சு.

கம்பெனி தரப்புல எப்பவும் எடுக்கிறது 2006-ல வந்த மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா தீர்ப்பு. வாரண்டின்னா கெட்டுப்போன பார்ட்டை மாத்தித் தர்றதுதான், முழு வண்டியை இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது. நம்ம பக்கமும் தீர்ப்பு இருக்கு. ஃபியட் கார் கேஸ்ல, அனந்தராம்ங்கிறவரு போட்டது, சுயேச்சையான நிபுணர் பாத்து தயாரிப்புக் குறைன்னு சொன்னா விலையை வட்டியோட திருப்பிக் குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. 2022-ல ஹூண்டாய் கிரெட்டா ஏர்பேக் விரியாத கேஸ்ல, மோதினப்ப எவ்வளவு விசைன்னு கணக்குப் போட வாங்கறவர் என்ன பிசிக்ஸ் நிபுணரான்னு கேட்டு, வண்டியை மாத்தித் தரச் சொன்ன உத்தரவை உறுதி பண்ணாங்க. எனக்கு ரொம்ப தெம்பு குடுத்த தீர்ப்பு அது.

வேகத்துக்கு ரெண்டு மார்க் மட்டும் ஏன் குடுத்தேன்னா, சட்டப்படி டெஸ்ட் தேவைப்படற கேஸை 5 மாசத்துல முடிக்கணும். நடக்கிறது வருஷக்கணக்குல. வாய்தா மேல வாய்தா. கம்பெனி பதில் போட 30 நாள், கேட்டா இன்னும் 15 நாள், அதுக்கு மேல கிடையாதுன்னு சட்டம் கண்டிப்பா சொல்லுது, அந்த ஒரு இடம் மட்டும்தான் வேகமா போச்சு. அதுக்கப்புறம் பிரமாண வாக்குமூலம், அறிக்கைக்கு ஆட்சேபனை, வாதம்னு லீவு போட்டுட்டுப் போய் உக்காந்து தேதி மட்டும் வாங்கிட்டு வந்த நாள்தான் நிறைய. வயசானவங்க, தினக்கூலி ஆளுங்க இதை எப்படித் தாங்குவாங்கன்னு நினைச்சா கோவமா வருது.

தீர்ப்புல வண்டி விலை முழுசா கிடைக்கல. கியர்பாக்ஸ் மொத்தமும் புதுசா மாத்தித் தரணும், அதுக்கு தனி வாரண்டி, மன உளைச்சலுக்கு நஷ்டஈடு, வழக்குச் செலவு. விலையைத் திருப்பி வாங்கற அளவுக்குப் போகணும்னா, சரி பண்ணவே முடியாத குறைன்னு நிபுணர் அறிக்கைல தெளிவா வரணும், எங்க அறிக்கைல கிளட்ச் அசெம்ப்ளி குறைன்னு மட்டும் இருந்துச்சு. அதனால நிபுணருக்குக் கேள்வி குடுக்கிறப்பவே, இதை மாத்தினா நிரந்தரமா சரியாகுமாங்கிற கேள்வியை மறக்காம சேத்துருங்க.

மாநில ஆணையத்துல அப்பீல் போக கம்பெனிக்கு 45 நாள் டைம், போனா உத்தரவான பணத்துல பாதியை முதல்ல கட்டணும். எங்க கேஸ்ல அப்பீலும் போகல, பணமும் தரல. உத்தரவை நிறைவேத்தலைன்னா 72-வது பிரிவுல ஒரு மாசத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயிலோ, 25 ஆயிரத்துல இருந்து ஒரு லட்சம் வரைக்கும் அபராதமோ, ரெண்டும் சேர்த்தோ போட வழி இருக்கு. அந்தப் பிரிவுல மனுப் போட்டு நோட்டீஸ் போன அப்புறம்தான் செக் வந்துச்சு, கியர்பாக்ஸும் அதே மாசம் மாத்தினாங்க.