சட்டச் சொற்களுக்கு ஒரு கைபேசிச் செயலி: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

செய்தி படிக்கும்போது இடறுகிற சட்டச் சொற்களையும் அரசியல் சொற்களையும் எளிய தமிழில் விளக்கும் செயலி ஒன்றை மூன்று மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு சொல்லை அதற்கு அண்டையில் நிற்கும் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டத் தெரிந்திருக்கிறதா என்பதை வைத்தே இத்தகைய கருவிகளை மதிப்பிடுவது என் வழக்கம். இச்செயலி அதைச் சில இடங்களில் மிக நன்றாகச் செய்கிறது; சில இடங்களில் முயலவே இல்லை.

நன்றாகச் செய்த இடத்துக்கு ‘விடுதலை’ என்ற பதிவே போதுமான சான்று. பிணையில் வெளிவந்தவர், தண்டனைக் காலம் முடிந்து சிறையிலிருந்து வந்தவர், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தவர் ஆகிய மூவரையும் செய்திகள் பெரும்பாலும் அந்த ஒரே சொல்லால் குறித்துவிடுகின்றன. ஆனால் முதலாமவர் மீதான வழக்கு இன்னும் முடியவில்லை; இரண்டாமவர் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டவர்; மூன்றாமவரைச் சட்டம் குற்றமற்றவராகவே கொள்கிறது. மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிகளில் ஒரு சூழலைச் சொல்லியிருப்பதால், சட்டப் படிப்பில்லாதவருக்கும் வேறுபாடு உடனே விளங்கிவிடுகிறது. ‘மசோதா’, ‘சட்டம்’ ஆகிய பதிவுகளும் இதே தரத்தில் இருக்கின்றன.

‘ஆட்கொணர்வு மனு’வுக்கான விளக்கமும் எனக்குப் பிடித்திருந்தது. அடைத்து வைக்கப்பட்டவர் குற்றம் செய்தாரா என்பதை இம்மனு ஆராய்வதில்லை என்பதையும், அவரை அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்பது மட்டுமே கேள்வி என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, அதன் பிறகே 1679-ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டத்துக்குப் போகிறது. லத்தீன் மூலமான ‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ என்பதைவிடத் தமிழ்ச் சொல்லே வேலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம்.

‘உறுத்துக் கட்டளை’யில் நிலைமை தலைகீழ். அதற்கு ‘இன்ஜங்ஷன்’ என்று மட்டும் எழுதி முடித்துவிட்டார்கள். ஒன்றைச் செய்யாதே என்றோ, சில வேளைகளில் செய் என்றோ, நீதிமன்றம் ஒருவருக்கு இடும் ஆணை அது என்று சொல்ல ஒரு வரி போதும். ஒரு தீர்ப்போ நடவடிக்கையோ செயலுக்கு வராமல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் ‘இடைக்காலத் தடை’யிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பதை அடுத்த வரியில் சொல்லியிருக்கலாம்.

அரசியல் பகுதி இதைவிடப் பலவீனமானது. ‘ஜெரிமாண்டரிங்’ என்ற சொல்லுக்கு 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரியின் பெயரும், பல்லியைப் போன்ற சாலமாண்டர் என்ற உயிரினத்தின் பெயரும் சேர்ந்து பிறந்தது என்ற கதையைச் சுவையாகச் சொல்கிறார்கள். ஆனால் எதிர்க்கட்சியின் ஆதரவாளர்களைச் சில தொகுதிகளுக்குள் திணித்தோ, பல தொகுதிகளில் சிதறடித்தோ அவர்களுடைய வாக்குகளின் வலிமையைக் குறைக்கும்படி எல்லைகளை வகுப்பதுதான் அந்தத் தந்திரம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். கதை நினைவில் நிற்கும், பொருள் நிற்காது.

‘இம்பீச்மென்ட்’ பதிவில் இருப்பது நேரடிப் பிழை. ‘அதிபரைப் பதவியிலிருந்து நீக்குதல்’ என்கிறது செயலி. அமெரிக்காவில் பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையால் குற்றச்சாட்டைச் சுமத்துவதற்கே அந்தப் பெயர். நீக்குவதற்கு மேலவையான செனட் விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் குற்றவாளி என்று முடிவு செய்ய வேண்டும். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சனும் 1998-இல் பில் கிளிண்டனும் இம்பீச்மென்டுக்கு உள்ளானவர்கள்; இருவரையுமே செனட் குற்றவாளி என்று முடிவு செய்யாததால் பதவிக் காலத்தை முழுமையாக நிறைவு செய்தார்கள்.

தேடல் வசதியைப் பற்றியும் ஒரு சொல். ‘ஜாமீன்’ என்று தட்டினால் ‘பிணை’ பக்கம் திறக்கிறது, நல்லது. ஆனால் நீதிமன்ற வாசலில் எல்லோர் வாயிலும் புழங்கும் ‘வாய்தா’வைத் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. நீதிமன்றச் சொற்களுக்காக இதைக் கைபேசியில் வைத்திருக்கிறேன். அரசியல் சொற்களுக்கு இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இம்பீச்மென்ட் பிழையைச் சுட்டிக்காட்டி எழுதியபோது நன்றி தெரிவித்து உடனே பதில் வந்தது. பதிவு மட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.