வடவள்ளி மீன் கடை: வஞ்சிரம் பிரமாதம், இறால் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்

கோயமுத்தூரில் கடல் மீன் என்றால் உக்கடம்தான் என்று இருந்த காலம் போய் இப்போது தெருவுக்கு ஒரு ஏசி மீன் கடை. பாதிக் கடைகள் அதே மீனைப் பளபளப்பான தட்டில் வைத்து விலையை ஏற்றி விற்பவை. வடவள்ளிப் பக்கம் திறந்திருக்கும் இந்தக் கடையைப் பற்றித் தனியாக எழுதக் காரணம், ஒவ்வொரு தட்டுக்கும் மேலே மீனின் பெயர், வந்த துறைமுகம், அப்புறம் எதில் பிடித்தது என்பதையும் சாக்பீஸில் எழுதி வைக்கிறார்கள். தூத்துக்குடி, தூண்டில். கொச்சி, இழுவலை. நம்ம ஊரில் வேறெங்கும் நான் இதைப் பார்த்ததில்லை.

யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாமே என்று தோன்றும். வஞ்சிரத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். செவுள்வலையில் மாட்டிய மீனுக்குச் செவுளை ஒட்டியோ உடம்பைச் சுற்றியோ பெரும்பாலும் நூல் இறுகிய தடம் இருக்கும். தூண்டில் மீனுக்கு வாயோரம்தான் கிழிசல். தூண்டில் என்று எழுதிய தட்டில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன், உடம்பில் ஒரு கீறல் இல்லை, தாடை ஓரத்தில் கொக்கி இழுத்த காயம். வெட்டுகிற அண்ணன் முகம் சுளிக்காமல், "நல்லாப் பாத்துட்டே வாங்குங்க அக்கா, ஒண்ணும் அவசரமில்லைங்க" என்று தலையை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். விலை கூடத்தான். ஆனால் இந்தியப் பெருங்கடலில் டால்பின்கள் மீன்பிடியில் சிக்கிச் சாவது பெரும்பாலும் கடலில் மிதக்கவிடும் செவுள்வலைகளில்தான் என்பதால் அந்தக் கூடுதல் காசு எனக்கு உறுத்தவில்லை. வறுக்கும்போது துண்டும் உடையவில்லை. லட்சத்தீவு மாசியும், அதாவது அவித்துப் புகையில் உலர்த்திய சூரை (டூனா) மீனும், வைத்திருக்கிறார்கள். அங்கே சூரையைக் கம்புத் தூண்டிலில் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள், வேறு பிராணி மாட்டுவது மிகக் குறைவு. சம்பலுக்கு அருமை.

இனி இறால். பாக்கெட்டில் ஆமைப் படம் போட்டு, "ஆமைக்குத் தீங்கில்லாத கடல் இறால்" என்று ஒரு ஸ்டிக்கர். எந்தப் படகு, வலையில் ஆமை விலக்கி வைத்திருந்தார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் சப்ளையர் ஒட்டிக் குடுக்கறதுங்க" என்றார் கல்லாவில் இருந்தவர். அவ்வளவுதான் பதில்!

ஆமை விலக்கி என்பது இழுவலையின் கழுத்தில், பிடிபட்டது சேரும் பையான மடிக்குச் சற்று முன்னால், சாய்த்துக் கட்டும் கம்பிச் சட்டம். சன்னல் கம்பி போல இடைவெளி விட்டிருக்கும். இறால் அதில் நுழைந்து மடிக்குப் போய்விடும், ஆமை கம்பியில் மோதி, அருகே உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். ஆமைக்கு நுரையீரல்தானே, மணிக்கணக்கில் இழுக்கிற வலைக்குள் மாட்டினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியது நினைவிருக்கலாம். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமே நம் படகுகளுக்கென்று ஒரு விலக்கியை வடிவமைத்திருக்கிறது. திறப்பு வழியாக மீனும் போய்விடும், டீசல் காசு யார் தருவது என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். அந்தக் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்கா 1989இல் சட்டம் போட்டு, விலக்கி இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டேன் என்றது. இந்தியா உட்பட நான்கு நாடுகள் உலக வர்த்தக அமைப்பு வரைக்கும் போய் வழக்காடின. இத்தனை இழுபறி உள்ள ஒரு விஷயத்தை, படகு பெயர்கூட இல்லாத ஒரு ஸ்டிக்கரில் முடித்துவிட்டால் எப்படி?

வனாமி இறால் வாங்கலாமா என்றால், அது பண்ணையில் வளர்ப்பது, ஆமை மாட்டாது. தீவனத்தில் போகும் மீன் தூள் பெரும்பாலும் கடலில் அள்ளிய பொடி மீன் என்பதையும் சேர்த்தே யோசித்துக்கொள்ளுங்கள். நான் வனாமிதான் வாங்கினேன், மண் வாடை இல்லை.

என் கணக்கில் மூன்றரை ஸ்டார். ஸ்டிக்கரை எடுத்துவிட்டு அங்கேயும் சாக்பீஸில் இழுவலை என்று எழுதினால் இன்னொன்று தரலாம். சுத்தம் செய்து தர தனிக் காசு இல்லை, செதில் நன்றாகவே எடுக்கிறார்கள், ஆனால் தலையைக் கேட்காவிட்டால் பையில் போட மாட்டார்கள், குழம்புக்கு வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது போர்டில் கொச்சிதான் அதிகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, சனி சாயங்காலமே போய்விடுங்கள்.