சி7000-க்கு விர்ச்சுவல் கனெக்டா, சுவிட்சா?

பெங்களூரில் டெஸ்ட் லேபுக்கு ரீஃபர்பிஷ்டு ஹெச்பி சி7000 (பல பிளேடு சர்வர்களை ஒரே பெட்டியில் சொருகும் சேசிஸ்) எடுக்கப் போகிறவர்கள் பிளேடுக்கும் ரேமுக்கும் பேரம் பேசிவிட்டு, பின்பக்க பேயில் எந்த மாட்யூல் வருகிறது என்பதைக் கேட்காமலே பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டுவிடுகிறார்கள். விர்ச்சுவல் கனெக்ட் ஃப்ளெக்ஸ்ஃபேப்ரிக் (பிளேடுகளின் நெட்வொர்க், ஸ்டோரேஜ் இணைப்பை சர்வர் டீமே நிர்வகிக்க உதவும் ஹெச்பி மாட்யூல்) வருகிறதா, 6125எக்ஸ்எல்ஜி மாதிரி முறையான சுவிட்ச் வருகிறதா? இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை.

விர்ச்சுவல் கனெக்டில் பணத்துக்கு மதிப்பு ஒரே இடத்தில்தான்: சர்வர் புரொஃபைல். அதில் மேக் (நெட்வொர்க் கார்டின் முகவரி), டபிள்யூடபிள்யூஎன் (ஃபைபர் ஸ்டோரேஜ் முகவரி) இரண்டும் பிளேடோடு போகாமல் பேயோடு நிற்கும். சான் பூட் (ஓஎஸ் லோக்கல் டிஸ்கில் இல்லாமல் ஸ்டோரேஜ் நெட்வொர்க்கிலிருந்து எழுவது) வைத்திருந்தால், செத்த பிளேடை உருவிவிட்டு அதே மாடலைச் சொருகி பவர் போட்டால் பழைய ஓஎஸ் அப்படியே எழும். ஜோனிங், லன் மாஸ்கிங் (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற செட்டிங்குகள்), டிஹெச்சிபி ரிசர்வேஷன் (மேக்குக்கு ஒதுக்கிய ஐபி) எதையும் தொட வேண்டாம். லோக்கல் டிஸ்கில் பூட் ஆகிற, வருடக்கணக்கில் இடம் மாறாத சர்வர்களுக்கு இது வீண் செலவு.

கேபிள் குறையும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். சர்வருக்கு 2 ஈதர்நெட், 2 ஃபைபர் என்றால் 16 ரேக் சர்வருக்கு 64 கேபிள்; இங்கே பத்துப் பன்னிரண்டில் முடியும். ஆனால் ஈதர்நெட் பக்கம் பிளேடு சுவிட்சும் அதே மிச்சத்தைத் தரும்.

விர்ச்சுவல் கனெக்டில் ஒரு 10 கிக் போர்ட்டை நான்கு நிக்காக (நெட்வொர்க் கார்டாக) பிரித்து, 100 எம்பி அளவில் கூட்டிக் குறைக்கலாம். நான்கில் ஒன்றை ஸ்டோரேஜுக்கு ஒதுக்கலாம். இஎஸ்எக்ஸ் (விஎம்வேர்) ஹோஸ்டுக்கு அருமையான வசதி. ஆனால் ஃப்ளெக்ஸ்-10 என்ற இந்தப் பிரிக்கும் முறையில் அந்த வரம்பு சர்வரிலிருந்து வெளியே போகும் டிராஃபிக்குக்கு மட்டும்தான். உள்ளே வரும் பேக்கப் ரீஸ்டோர் மொத்தப் போர்ட்டையும் அடைத்துக்கொள்ளும். இதைக் க்யூஓஎஸ் (டிராஃபிக் முன்னுரிமைக் கட்டுப்பாடு) என்று நம்பி டிசைன் போடாதீர்கள்.

சிக்கல் பெரும்பாலும் மேலே இருக்கும் சுவிட்சோடு இணைக்கும்போதுதான். விர்ச்சுவல் கனெக்ட் அப்லிங்கில் (மேல் சுவிட்சுக்குப் போகும் இணைப்பில்) ஸ்பேனிங் ட்ரீ (லூப் வராமல் தடுக்கும் சுவிட்ச் புரோட்டோகால்) பேசாது. எனவே மேல் சுவிட்சில் போர்ட்ஃபாஸ்ட் ட்ரங்க் (லிங்க் எழுந்ததும் காத்திருக்காமல் டிராஃபிக் விடும் செட்டிங்) போடுங்கள். பழைய ஸ்பேனிங் ட்ரீயில் அது இல்லாவிட்டால் லிங்க் எழும்போதெல்லாம் 30 நொடி டிராஃபிக் நிற்கும். ஃபைபர் பக்கம் மேல் சுவிட்சில் என்பிஐவி (ஒரே போர்ட்டில் பல டபிள்யூடபிள்யூஎன் அனுமதிப்பது) ஆனில் இருக்க வேண்டும். ஒரே எல்ஏசிபி குரூப்பை (பல லிங்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) ஜோடியாக இருக்கும் இரண்டு மாட்யூலுக்கும் சேர்த்துப் போட முடியாது. ஒரே அப்லிங்க் செட்டில் இரண்டையும் சேர்த்தால் ஒரு பக்கம் ஸ்டாண்ட்பையில் சும்மா கிடக்கும். மாட்யூலுக்கு ஒரு அப்லிங்க் செட் வைத்து, டீமிங்கை (இரண்டு நிக்கைச் சேர்த்து, ஒன்று போனால் மற்றதுக்கு மாறுவது) ஹோஸ்டில் செய்யுங்கள்.

அப்படிச் செய்தால் ஸ்மார்ட்லிங்க் (அப்லிங்க் போனால் சர்வர் பக்க லிங்கையும் இறக்கும் செட்டிங்) கட்டாயம். அது ஆஃபில் இருந்து ஒரு மாட்யூலின் அப்லிங்க் எல்லாம் போய்விட்டால், ஹோஸ்டில் லிங்க் அப் என்றே காட்டும், பாக்கெட் மட்டும் எங்கும் போகாது, டீமிங்கும் மாறாது. லைவ் போகும் முன் ஒரு மாட்யூலின் அப்லிங்க் கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஹோஸ்டில் அந்தப் பக்க நிக் டவுன் ஆகிறதா என்று கட்டாயம் பாருங்கள். 10 கிக், 24 போர்ட் ஃப்ளெக்ஸ்ஃபேப்ரிக்கில் எக்ஸ்7, எக்ஸ்8 போர்ட்டுகளில் எஸ்எஃப்பி (கேபிள் சொருகும் டிரான்ஸீவர்) சொருகினால் பக்கத்து மாட்யூலுடனான உள் ஸ்டாக்கிங் லிங்க் (இரண்டு மாட்யூலையும் இணைப்பது) துண்டிக்கப்படும். முதல் ஆறு போர்ட்டிலேயே அப்லிங்கை முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது சேசிஸ் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஹெச்பி தரும் மேக் ரேஞ்சில் இரண்டு டொமைனுக்கும் (சேசிஸ்தோறும் தனியாக இருக்கும் விர்ச்சுவல் கனெக்ட் அமைப்பு) ஒரே ரேஞ்சைத் தேர்ந்தெடுத்தால், ஒரே விலேனில் (பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) டூப்ளிகேட் மேக் வரும். அது விட்டுவிட்டுத் தொந்தரவு தரும், கண்டுபிடிப்பதும் கஷ்டம். முதல் புரொஃபைல் உருவாக்கும் முன்பே வேறு வேறு ரேஞ்ச் போட்டுவிடுங்கள்.

ஒரே விலேனில் இருக்கும் இரண்டு பிளேடுக்கு நடுவே ஏசிஎல் (யார் யாரோடு பேசலாம் என்ற விதி) வேண்டும், போர்ட் செக்யூரிட்டி வேண்டும், ஆடிட்டருக்குக் காட்ட வேண்டும் என்றால் சுவிட்சே சரி. சர்வர், நெட்வொர்க் இரண்டையும் ஒருவரே பார்க்கும் சின்ன ஆபீஸுக்கும் அதையே சொல்வோம். தெரிந்த சிஎல்ஐ (கமாண்ட் லைன்), தெரிந்த டிரபிள்ஷூட்டிங். ஒயிட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கப் பெரிய கம்பெனிகளில் சர்வர் டீம் ஒரு விஎம் ஹோஸ்ட் சேர்க்க நெட்வொர்க் டீமின் சேஞ்ச் விண்டோவுக்குக் காத்திருப்பார்கள். விர்ச்சுவல் கனெக்ட் அங்கேதான் பொருந்தும்.

செகண்ட்ஹேண்ட் மாட்யூலை டெலிவரி எடுக்கும்போது, ஃபேக்டரி பாஸ்வேர்ட் அச்சிட்ட லேபிள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய ஓனரின் பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் டிப் சுவிட்ச் 1-ஐ ஆன் செய்து ரீசெட் பண்ணலாம். ஆனால் அப்போது கேட்பது அந்த லேபிளில் இருக்கும் பாஸ்வேர்டைத்தான்.