வட்டத்தாளா, மின்னணுப் பதிவியா?

அமெரிக்காவில் ஒரு எரிவாயு விநியோக வலையமைப்புக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரெகுலேட்டர் நிலையங்கள் (அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்குபவை) வாயு கொடுத்தால், அங்கே அழுத்தப் பதிவியோ தொலை அளவீடோ கட்டாயம் (கூட்டாட்சிக் குழாய்ப் பாதுகாப்பு விதி 192.741). எதை வைப்பது என்பது நிறுவனத்தின் பாடு.

வட்டத்தாள் பதிவியில் போர்டான் குழாய் (அழுத்தம் ஏறினால் நிமிரும் வளைந்த உலோகக் குழாய்) பேனாவை நகர்த்தும்; கடிகாரம் தாளை 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ ஒரு சுற்று சுற்றும். கோடு அறாமல் ஓடுவதால் குறுகிய துள்ளலும் முள்போலத் தெரியும். ஆனால் தாள் மாற்ற மறந்தால் பேனா பழைய கோட்டின் மேலேயே ஓடி, இரண்டு வாரப் பதிவும் குழம்பிவிடும். மை காய்ந்தால் அதுவும் இல்லை.

மின்னணுப் பதிவி துல்லியமானது, அலாரமும் அனுப்பும். அதன் பலவீனம் இடைவெளி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் நடுவில் வந்த ஏற்றம் காணாமலே போகும்; ஒவ்வொரு இடைவெளியின் உச்சத்தையும் தாழ்வையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். அலாரம் மட்டும் போதாது என்பதற்கு மாசசூசெட்ஸின் மெரிமாக் பள்ளத்தாக்கில் வாயு அழுத்தம் மிகுந்து நடந்த வெடிப்புகள் சாட்சி: 2018 செப்டம்பர் 13 அன்று எரிவாயு நிறுவனத்தின் ஒஹையோ கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அடித்தது, அங்கிருந்து வால்வை மூட வழியில்லை.

என் ஓட்டு மின்னணுவுக்கு. குழாய் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை நாளில் மட்டும் பக்கத்தில் வட்டத்தாளும் ஓடட்டும். உயர் அழுத்த எஃகுக் குழாயின் சோதனை ஆவணத்தை (192.517) குழாய் உள்ளவரை வைத்திருக்க வேண்டும்: சோதனை ஊடகம் (நீரா, வாயுவா), அழுத்தம், நேரம், தாள் அல்லது அளவீடுகள். ஆவணம் தவறினால் என்ன ஆகும்? 2010இல் கலிஃபோர்னியாவின் சான் புருனோவில் வெடித்து 8 பேரைப் பலிகொண்ட எரிவாயுக் குழாயை ஆவணம் தையலற்றது (நீளவாக்கில் பற்றவைப்பு இல்லாதது) என்றது. உண்மையில் அதில் பற்றவைத்த தையல் இருந்தது. தாளில் தேதி, குழாய்ப்பகுதி, கருவி எண், கையெழுத்து நான்கும் இருக்கட்டும். மின்னணுப் பதிவுக் கோப்பை நிறுவன மென்பொருளில் மட்டும் விடாமல் பிடிஎஃப்பாகவும் சேமியுங்கள்.