சிங்கப்பூரில் நாலு நாள்: எதற்கு டிக்கெட், எதற்கு வெறும் நடை

சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலர் என்று சொல்வதில்லை, வெள்ளி என்பார்கள். ஒரு வெள்ளி நம் பணத்துக்கு ஏறக்குறைய 70 ரூபாய். நாலு நாள் பயணத்தில் அது எங்கே கரைகிறது என்று கணக்குப் பார்த்தால், சாப்பாட்டிலும் ரயிலிலும் இல்லை, டிக்கெட்டில்தான். 2017இல் நண்பர்களோடு முதல் தடவை போனபோது கண்ணில் பட்டதற்கெல்லாம் டிக்கெட் எடுத்தேன். அப்புறம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது எதையும் மூன்றால் பெருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அங்கே வேலை பார்க்கிற தம்பி (சித்தப்பா மகன்) ஒவ்வொரு பெரிய இடத்துக்கும் ஒரு மாற்று வைத்திருந்தான். பாதிக்கு மேல் அவன் சொன்னது சரி. ஒன்றில் மட்டும் சுத்தமாகத் தப்பு.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க

போட்டி மூன்று பேருக்குள். முதலாவது மரினா பே சாண்ட்ஸ்: 2010இல் திறந்தது, மூன்று கோபுரம், தலையில் கப்பலைத் தூக்கி வைத்த மாதிரி ஒரு மாடி. 57ஆம் தளத்துப் பார்வை மேடைக்கு 30 வெள்ளிக்கு மேல். இரண்டாவது சிங்கப்பூர் ஃபிளையர்: 165 மீட்டர் உயர ராட்டினம், ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம், ஏறக்குறைய 40 வெள்ளி. மூன்றாவது டக்ஸ்டன் பினாக்கிள். அது சுற்றுலாத் தலமே இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அரசாங்கக் குடியிருப்பு. 50 மாடியில் ஏழு கட்டடம், 1,848 வீடு. ஏழையும் 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் பாலம் போட்டுக் கோத்திருக்கிறார்கள். கீழ்ப்பாலம் குடியிருப்பவர்களுக்கு மட்டும். மேல்பாலத்துக்கு வெளியாட்களை 6 வெள்ளி வாங்கிக்கொண்டு விடுகிறார்கள், அதுவும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து.

சாண்ட்ஸ் மேலே ஏறினால் உலகத்திலேயே சாண்ட்ஸ் மட்டும் தெரியாது. சிங்கப்பூர் என்றதும் மனதில் வருகிற கட்டடம் எதுவோ, அதன் மேல் நின்றுகொண்டு அதைத் தேட வேண்டும். எல்லாரும் படத்தில் பார்க்கிற அந்த நீச்சல் குளமும் விடுதியில் தங்குகிறவர்களுக்குத்தான். மேடை டிக்கெட் அங்கே செல்லாது. இது தெரியாமல் துண்டோடு வந்த ஒருவரை நானே பார்த்தேன். ஆனால் கடல் பக்கம் திரும்பினால் ஒரு காட்சி உண்டு: நங்கூரம் போட்டு வரிசையில் காத்திருக்கும் கப்பல்கள். எண்ணத் தொடங்கி 40ஐத் தாண்டியதும் விட்டுவிட்டேன். இந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது என்பதை அந்தக் கப்பல்கள் அளவுக்கு வேறெதுவும் சொல்லவில்லை.

ஃபிளையர் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நல்லது. ஏசிக் கூண்டு, உட்கார பெஞ்சு. 2008இல் திறந்த கொஞ்ச மாதத்திலேயே, அதிர்ஷ்டம் ஊரைவிட்டு வெளியே போகிற திசையில் சுற்றுகிறது என்று ஃபெங் சுயி நிபுணர்கள் சொல்ல, சுற்றும் திசையையே மாற்றிவிட்டார்கள். நமக்கு வாஸ்து மாதிரி. அந்தக் கதை சுவாரசியம்; சுற்று அவ்வளவு இல்லை. என்னோடு வந்த நண்பன் பாதிச் சுற்றில் தூங்கிவிட்டான்.

டக்ஸ்டனில் கீழ்த்தளத்தில் பணம் கட்டி, பெயர் பதிந்துகொண்டு லிஃப்டுக்குப் போனோம். எங்களோடு ஏறிய சீனப் பாட்டியின் கைப்பையில் கீரைக்கட்டு எட்டிப்பார்த்தது. அவர் 30ஆம் மாடியிலோ எதிலோ இறங்கிக்கொண்டார். அம்மா அவர் போன திசையையே பார்த்து, “இங்கேயா குடியிருக்காங்க?” என்றார். மேலே கூட்டமே இல்லை. ஒரு பக்கம் தஞ்சோங் பகார் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் சிவப்பும் நீலமுமாக அடுக்கிய கொள்கலன்களும். இன்னொரு பக்கம் சைனாடவுனின் ஓட்டுக்கூரைகள், அவற்றை ஒட்டியே வங்கிக் கோபுரங்கள். சாண்ட்ஸ் முழுசாகத் தெரியாது, கோபுரங்களின் இடுக்கில் கொஞ்சம். அது பரவாயில்லை. சாண்ட்ஸைப் பார்க்க மெர்லயன் சிலைப் பக்கம் கரையில் நின்றால் போதும், அதற்குக் காசு கிடையாது.

என் ஓட்டு டக்ஸ்டனுக்கு. ஒரே ஒரு நிபந்தனை: சாயங்காலம் போவதென்றால் முன்கூட்டியே போய்விடுங்கள், அன்றைய கணக்கு முடிந்துவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு தோட்டம்

தம்பி தப்புச் செய்த இடம் இதுதான். “கண்ணாடிக்குள்ள ஏசி போட்டு வளர்க்கிற செடிக்கு எதுக்குண்ணே காசு? பூமலை சும்மாவே கிடக்கு” என்றான்.

பூமலை என்பது பொட்டானிக் கார்டனுக்கு அங்குள்ள தமிழர்கள் வைத்த பெயர். 1859இலிருந்து அதே இடத்தில் இருக்கிறது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை கதவு திறந்தே இருக்கும், காசு கிடையாது. உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். நேப்பியர் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். தோட்டத்தின் பெயரிலேயே இன்னொரு நிலையம் இருக்கிறது, அது மறுகோடி. நாங்கள் அங்கே இறங்கி அம்மாவை அரை மணி நேரம் நடக்கவிட்ட பாவம் எனக்கு. நேப்பியர் பக்கத்திலிருந்து வந்தால் பெரிய தெம்புசு மரம் சீக்கிரம் வந்துவிடும். பையில் ஐந்து வெள்ளி நோட்டு இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தரையோடு தரையாக நீண்டு மறுபடி மேலே திரும்புகிற அதே கிளை நோட்டில் இருக்கும். அப்பா நோட்டைக் கையில் பிடித்து மரத்தைச் சுற்றி வந்து, அச்சடித்தவன் எந்த இடத்தில் நின்று வரைந்திருப்பான் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

இந்தத் தோட்டத்துக்கும் நமக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர்க் கன்றுகள் இங்கே வந்தன. 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் உருவாக்கினார். சட்டைப்பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு தோட்ட முதலாளிகளிடம் “நடுங்கள், நடுங்கள்” என்று அலைந்தவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றே பட்டப்பெயர். அவர்கள் நட்டார்கள். அந்த ரப்பர்க் காடுகளில் பால்வெட்ட மலாயாவுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள்.

சரி, காசு கொடுத்துப் பார்க்கிற தோட்டத்துக்கு வருவோம். கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை தி பே) 2012இல் திறந்தது, கடலைத் தூர்த்த நிலத்தில். 25 முதல் 50 மீட்டர் வரை உயரமான இரும்பு ‘சூப்பர் மரங்கள்’ இருக்கும் வெளிப்பகுதி இலவசம். இரவு 7.45க்கும் 8.45க்கும் ஒளியும் இசையுமாக ஒரு காட்சி நடக்கும். எல்லாரும் மரத்தடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்ப்பார்கள், நீங்களும் வெட்கப்படாமல் படுங்கள். கட்டணம் இரண்டு கண்ணாடிக் கூடங்களுக்கு: மலர்க்கூடம் (ஃபிளவர் டோம்), முகில் காடு (கிளவுட் ஃபாரஸ்ட்).

அதில் மலர்க்கூடம் எனக்கு ஒப்பவில்லை. ஆலிவ், பாவோபாப், பருவத்துக்கு ஒரு பூக்கண்காட்சி. அழகுதான், ஆனால் கல்யாண மண்டப அலங்காரம் மாதிரி ஓர் அழகு. முகில் காடு அப்படியில்லை. கதவு திறந்ததும் எதிரே 35 மீட்டர் உயர மலை, அதன் உச்சியிலிருந்து நேரே விழும் அருவி. சாரல் அப்பாவின் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக விழுந்தது; அவர் துடைக்கத் துடைக்க அது நனைத்துக்கொண்டே இருந்தது. லிஃப்டில் உச்சிக்குப் போய், அந்தரத்தில் தொங்கும் நடைபாதை வழியே சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். மலையின் உடம்பெல்லாம் பெரணியும் ஆர்க்கிட்டும் பூச்சி தின்னும் செடியும். கடல்மட்டத்தில், பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், கொடைக்கானல் குளிரில் ஒரு மலைக்காட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். குளிரூட்டும் செலவு என்ன ஆவது என்று யோசிப்பவர்களுக்கு: நகரத்து மரங்களில் கழிக்கிற கிளையையும் இலையையும் எரித்து அதற்கான சக்தியில் ஒரு பங்கை எடுக்கிறார்கள், புகை வெளியேறும் வழி ஒரு சூப்பர் மரத்தின் உள்ளே போகிறது.

ஆகவே விடிகாலையில் பூமலை, வெயில் உச்சிக்கு வரும்போது முகில் காடு. பணம் ஒன்றுக்குத்தான் என்றால் இதற்கே கொடுங்கள். தம்பியையும் இழுத்துக்கொண்டு போனோம். பதினோரு வருஷமாக அந்த ஊரில் இருப்பவன், முதல் தடவையாகப் பார்த்தான்.

தேக்காவா, மேக்ஸ்வெல்லா, லாவ் பா சாட்டா

மூன்றுமே உணவங்காடிகள். உணவங்காடி என்றால் ஒரே கூரைக்குக் கீழே ஐம்பது, நூறு சின்னக் கடைகள், நடுவில் பொது மேசைகள். 2020இல் இந்தச் சாப்பாட்டுப் பழக்கத்தையே யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. உட்காரும் முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம். நம் பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி. முதல் நாள் அம்மா, யாரோ மறந்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று அப்படி ஒரு பாக்கெட்டை எடுத்து மேசை துடைப்பவரிடம் பத்திரமாக ஒப்படைத்துவிட்டார். தட்டோடு திரும்பி வந்த இளைஞரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சாப்பிட்டதும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

லாவ் பா சாட் கட்டடத்துக்காகப் போக வேண்டிய இடம். 1894இல் கிளாஸ்கோவில் வார்த்துக் கொண்டுவந்த இரும்புத் தூண்கள், எட்டுப் பட்டை வடிவம், சுற்றிலும் வானளாவிய அலுவலகங்கள். சாயங்காலம் பக்கத்துத் தெருவை மறித்து மேசை போட்டுக் கரியில் சாத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) சுடுவார்கள். குச்சி, புகை, வேர்க்கடலைச் சாறு. பத்துக் குச்சியோடு எழுந்துவிடுங்கள். வயிறு நிறைய அங்கே சாப்பிடுவது தண்டம்.

மேக்ஸ்வெல் போவது கோழிச்சோற்றுக்காக. தியான் தியான் கடை வரிசை வெளியே தெரியும். அரிசியைக் கோழிக்கொழுப்பிலும் இஞ்சி பூண்டிலும் வதக்கி, கோழி வெந்த நீரிலேயே வேகவைக்கிறார்கள். நம் நாக்குக்கு அந்த வெள்ளைக் கோழி முதல் வாயில் சப்பென்று இருக்கும். மிளகாய்ச் சாறு தொட்டதும் புரியும், இது சோற்றுக்காகச் சாப்பிடுகிற சாப்பாடு, கோழி தொடுகறி. ஓரமாகச் சொல்லிவிடுகிறேன்: “கோழி வேண்டாம், சோறு மட்டும்” என்றாலும் அது சைவம் ஆகாது. இங்கிருந்து டக்ஸ்டனும் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலும் நடை தூரம்தான். 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் எழுப்பிய கோயில் அது. சைனாடவுனுக்கு நடுவே இருக்கும் பகோடா தெருவுக்கு அந்தப் பெயர் வந்தது நம் கோபுரத்தால்தான்.

மூன்றிலும் லிட்டில் இந்தியாவின் தேக்காதான் அதிக அழுக்கு, அதிக இரைச்சல், விலையும் மலிவு. ஒரு பாதி ஈரச்சந்தை: மீன், ஆட்டுக்கறி, வாழையிலை, முருங்கைக்கீரை. மறுபாதி சாப்பாடு. பிரியாணி, பிராட்டா, அப்பம், தோசை, மாவில் தோய்த்துப் பொரித்த துண்டுகளைச் சிவப்புச் சாற்றில் தொட்டுத் தின்னும் இந்திய ரோஜாக். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், தொழிலாளர்களுக்கு விடுமுறை, உட்கார இடம் கிடைக்காது. ஒரு டீ வாங்கவே அங்கே பாடம் படிக்க வேண்டும். ‘தே’ என்றால் கெட்டிப்பால் போட்டு இனிக்க இனிக்க வரும். ‘தே ஓ’ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. ‘தே ஹாலியா’ இஞ்சி டீ. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். நான் “சர்க்கரை இல்லாமல் ஒரு டீ” என்று விளக்கிக்கொண்டிருந்தபோது கடைக்காரர், “ஐயாவுக்கு தே சி கோசோங் போடவா?” என்று ஒரே வரியில் முடித்தார். இனிக்காத பால், சர்க்கரை கிடையாது. மறுநாள் அப்பா தானே போய் “தே சி கோசோங்” என்று கேட்டு வாங்கிவந்தார்.

மூன்று நாள் காலையும் தேக்காதான். அம்மாவின் சனிக்கிழமை விரதத்துக்கு 1924இலிருந்து நடக்கிற ஆனந்த பவனும் 1947இலிருந்து நடக்கிற கோமள விலாஸும் அந்த வட்டாரத்திலேயே இருந்தது இன்னொரு சௌகரியம்.

மீன் தலை, இரண்டு விதம்

கடைசி இரவுக்கு மிஞ்சியது இந்தப் போட்டி. மீன் தலையைத் தனியே குழம்பு வைத்து மேசைக்குக் கொண்டுவந்தது கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்ற சமையல்காரர் என்பார்கள். தலையை விரும்புகிற சீன வாடிக்கையாளர்களுக்காக. சீனர்கள் அப்புறம் அதை எடுத்துப் புளி தூக்கலாக, மசாலா மட்டாக, மண்சட்டியில் தங்கள் வழிக்கு மாற்றிக்கொண்டார்கள். இந்திய முறையை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் சாப்பிடலாம்: முத்தூஸ் கறி, பனானா லீஃப் அப்போலோ, இரண்டுமே ஐம்பது வருஷத்தைத் தாண்டியவை. வெண்டைக்காய், கத்தரிக்காய், ஓர் அன்னாசித் துண்டு மிதக்கும் சிவப்புக் குழம்பு. சின்னத் தலை கேளுங்கள், மூன்று பேருக்கு அதுவே போதும். வேறு குழம்பு சொல்ல வேண்டாம். சீனச் சட்டியில் மீன் ருசி தெளிவாகத் தெரிந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோற்றில் பிசைய ரேஸ் கோர்ஸ் ரோட்டுக் குழம்புதான். கன்னத்துச் சதையை அப்பாவும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இலையில் கடைசியாக மிஞ்சியது முள்ளும், “குழம்புல எவனாவது அன்னாசி போடுவானா” என்று அப்பா ஒதுக்கிவைத்த அந்தத் துண்டும்தான்.