“கெமிக்கலே இல்லை” என்று விற்ற ஆளி விதை ஜெல்

என் முடி சுருட்டை. குளித்து முடித்தால் பறட்டையாக நிற்கும். ஆளி விதை ஜெல் நன்றாகப் படிய வைக்கும் என்று ஆன்லைனில் ஒருவரிடம் 349 ரூபாய்க்கு 200 மில்லி டப்பா வாங்கினேன். “100% நேச்சுரல், பிரசர்வேட்டிவ் கிடையாது, 6 மாதம் தாங்கும்” என்று போட்டிருந்தார்கள். இந்த மூன்றும் சேர்ந்து நடக்காது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சித்திரை வெயிலில் கூரியர் வந்து சேர ஐந்து நாள். திறந்ததும் புளித்த மாவு வாடை. விரலில் தொட்டால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் இழுக்க வேண்டியது, கஞ்சித் தண்ணீராக ஓடியது. மூடியின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் பூஞ்சை.

ஆளி விதையின் வழுவழுப்பு என்பது சர்க்கரை மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்தது. முடிமேல் மெல்லிய படலமாகக் காய்ந்து பிடிப்பது அதனால்தான். ஆனால் தண்ணீரில் ஊறிய அந்தச் சங்கிலி கிருமிகளுக்கு விருந்துச் சாப்பாடு. அவை அறுத்துத் தின்னத் தின்ன ஜெல் நீர்த்துப்போகும்.

படம் அனுப்பினேன். “நேச்சுரல்னா அப்படித்தான் சிஸ் இருக்கும்” என்று பதில். விடாமல் கேட்டதும் வேறு டப்பா வந்தது. கண்ணாடி போலத் தெளிவு. ஃப்ரிட்ஜுக்கு வெளியே மூன்று வாரம் கிடந்தும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் சந்தேகம். ஒரு ஸ்பூன் எடுத்துச் சிட்டிகை உப்பு போட்டுக் கிளறினேன். சில நொடியில் தண்ணீர்! வீட்டில் நானே காய்ச்சிய ஜெல்லில் போட்டபோது கொஞ்சம் தளர்ந்ததே தவிர, இழுவை போகவில்லை.

உப்பு பட்டதும் இப்படி உடைவது கார்போமர் ஜெல்லின் குணம். அது ஆலையில் செய்யும் செயற்கைப் பாலிமர். கெட்ட பொருள் இல்லை, எத்தனையோ நல்ல கிரீம்களில் இருக்கிறது. அதை ஆளி விதை என்று விற்றதுதான் திருட்டுத்தனம்.

லேபிளை அப்புறம்தான் ஒழுங்காகப் பார்த்தேன் (முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், என் தப்புதான்). ஒரு பூப்படம், ஒரு கைபேசி எண், அவ்வளவே. 2020 அழகுசாதன விதிகளின்படி உட்பொருள் பட்டியல், தயாரித்தவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண் எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.

இப்போது நானே காய்ச்சுகிறேன். சூட்டோடு வடிகட்டிவிட வேண்டும், ஆறினால் துணியை விட்டு இறங்காது. ஃப்ரிட்ஜில் நாலு நாள் வைப்பேன். ஐந்தாம் நாள் மிச்சமிருந்தால் சாக்கடைக்குத்தான்.