மாடித் தோட்டமா, ஹாப்காம்ஸ் கடையா?

இரண்டு வருடம் மொட்டைமாடியில் காய்கறி வளர்த்துப் பார்த்துவிட்டு, இப்போது பையைத் தூக்கிக்கொண்டு, விவசாயிகளின் கூட்டுறவுக் காய்கறிக் கடையான ஹாப்காம்ஸுக்கு நடக்கிறவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

ருசியிலும் மருந்தடிக்காத காய் என்ற நிம்மதியிலும் மாடிதான் மேல். தட்டில் வெண்டைக்காயை ஒதுக்கிவைக்கும் என் மகள், தானே பறித்ததைச் சமையலறைவரைகூட விடாமல் அங்கேயே கடித்துத் தின்றாள். சரி, அளவுக்கு வருவோம். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 48 கிலோ. என் 20 பைகளில் நல்ல மாதத்தில் தேறியது ஆறேழு கிலோ, அதில் பாதி கீரை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். தோட்டத்தைக் கைவிட வைத்தது தண்ணீர்தான். வெயில் காலத்தில் பைக்கு இரண்டு லிட்டர் என்றாலும் தினமும் 40 லிட்டர். பெங்களூரு அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று மாடி ஏறி அதை ஊற்ற வேண்டும். 2024 மார்ச்சில் எங்கள் போர்வெல் வற்றியது. குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியமும் அறிவித்துவிட்டது. அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் சேர்த்து ஏற்றினோம். நாலு பைக்குக்கூடப் போதவில்லை. முதலில் தக்காளி சுருண்டது, அப்புறம் வெண்டையில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் கரைத்து அடிக்கவும் தண்ணீர்தானே வேண்டும்!

ஹாப்காம்ஸ் 1959-இல் தோட்டக்கலை நிபுணர் மரிகௌடாவின் முயற்சியில், திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கியது. விவசாயியிடம் நேரடியாக எடை போட்டு வாங்கி, அன்றைய விலையைப் பலகையில் எழுதி விற்கிறார்கள். பேரம் பேசும் சுகம் கிடையாது, அவ்வளவுதான். ரேஷனில் அரிசிக்கு இருக்கும் விலைப் பாதுகாப்பு காய்க்கு இல்லை. விலை சரிந்தால் கோலார்ப் பக்கம் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. என் மாடியில் இருந்த இரண்டு தக்காளிச் செடி இதற்கு என்ன செய்துவிடும்? தமிழ்நாட்டில் மாடித் தோட்டத்துக்கு விதையும் பையும் மானியத்தில் கிடைக்கின்றன. என் மச்சான் வாங்கி நன்றாகவே வளர்க்கிறார், ஆனால் அவர் வீட்டில் கிணறு இருக்கிறது. அரசு கையில் ஒரு ரூபாய்தான் இருக்கிறது என்றால், அது விவசாயியிடம் நியாய விலைக்கு வாங்கும் கடைக்குத்தான் போக வேண்டும் என்பேன்.

என்னுடையது இரண்டே வருட அனுபவம், அதுவும் ஒரே மாடியில். தரையில் மண்ணும் ஊறும் கிணறும் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நானே நாலு பையை விடாமல் வைத்திருக்கிறேன். ரசம் கொதிக்கும்போது கொத்தமல்லி கிள்ள மட்டும் படி ஏறுகிறேன்.